வாயிற்காவலனும் பதிற்காவலனும்

தமிழ் ஆனர்ஸ் வகுப்பில் இலக்கணம் பயிலும் ஒருவன் கணினி வலையைப் பற்றி எழுதப் புகுந்தது என்னையென்று நண்பர் சிலர் வினவுதல் கூடும். அதற்குக் காரணம் ஒன்றுண்டு. என் தமையனார் தென்னாட்டு நகரமொன்றிலுள்ள மருத்துவமனையிற் கணினி வலையைப் பாதுகாக்கும் பணியில் இருக்கின்றார். சென்ற கோடை விடுமுறையில் யான் அவரிடம் ஒரு திங்கள் தங்கியிருந்தேன். அப்பொழுது, இராக்காலத்துப் பணியாளர் படித்தறியுமாறு, வெளித்தொடர்பு அற்றுழிச் செய்யத்தக்கன யாவை என்பது குறித்து ஒரு பக்கக் குறிப்பொன்றைத் தமிழில் எழுதித் தரும்படி பணித்தார். "தம்பி, பொருளை நான் சொல்லுகிறேன், சொல்லை நீ பார்த்துக்கொள்" என்பது அவர் கட்டளை. பொருள் விளங்காதவிடத்துச் சொல் அமையாதாகலின், யான் முதற்கண் பொருளையே கற்க வேண்டியதாயிற்று. ஒரு பக்கத்திற்காகத் தொடங்கிய கல்வி ஒரு திங்கட் பாடமாய் முடிந்தது. அதனையே ஈண்டு விரித்துரைக்கின்றேன்.

ஒரு கட்டிடத்தினுள் உள்ள கணினிகள் தம்முள் நேரே பேசிக்கொள்ளும். கட்டிடத்திற்கு அப்பாலுள்ள யாதானும் ஒன்றோடு பேச வேண்டுமாயின், செய்தியைச் சிறு சிறு பொட்டலங்களாக்கி, வாயிலில் நிற்கும் ஒரு கருவியிடம் ஒப்புவிக்கும். அக்கருவி ஒவ்வொரு பொட்டலத்தின் மேல்விலாசத்தையும் நோக்கி, எவ்வழியிற் செலுத்தற்பாலதென்று துணிந்து, அவ்வழியே விடுக்கும். இதற்கு ரௌட்டர் என்று பெயர். கலைச்சொல் ஆக்கியோர் இதனைத் திசைவி என்பர். சொல் இனிய சொல்லே. ஆயினும் தமையனாரது அலுவலகத்தில் யான் அதனைச் சொன்னபொழுது ஒருவரும் திரும்பிப் பார்த்திலர். ரௌட்டர் என்றதும் இருவர் ஓடிவந்தனர். ஆகவே ஈண்டும் அச்சொல்லையே ஆளுகின்றேன்.

கணினி ஒவ்வொன்றிலும் இவ்வாயிலின் முகவரி ஒன்றே எழுதப்பட்டிருக்கும். 192.168.10.1 என்பது அம்முகவரி என்று கொள்வோம். அம்முகவரிக்குரிய ரௌட்டர் பழுதுபட்டுவிடின், அதன் பக்கத்திலேயே மற்றொரு ரௌட்டர் நல்ல நிலையில் நின்றாலும் கணினி அதனை அறியாது. பக்கத்துக் கதவு திறந்து கிடக்கவும், பூட்டிய கதவையே தட்டிக்கொண்டு நிற்பானது பேதைமையை இஃது ஒக்கும். இக்குறையை நீக்க அறிஞர் பல வழிகளை ஆராய்ந்தனர். 1991-ஆம் ஆண்டில் ரௌட்டர்கள் தாமே தம் இருப்பைக் கணினிகளுக்கு அறிவிக்கும் முறையொன்று வகுக்கப்பட்டது. ஆனால் ஓர் அறிவிப்பினைக் கணினி அரைமணி நேரம் மெய்யெனக் கொண்டிருத்தல் அதன்கண் இயல்பாக அமைந்திருந்தது. ரௌட்டர் மாண்டபின் அரைமணி நேரம் அதனை உயிருள்ளதாக எண்ணியிருப்பதாற் பயன் என்னை? மற்றும், கணினி ஒவ்வொன்றும் அம்முறையை அறிந்திருத்தல் வேண்டும்; அறியாதன பல.

எனவே, கணினியின்கண் யாதொன்றும் மாற்றாது, வாயிலின்கண்ணே மாற்றத்தைச் செய்தல் வேண்டும் என்னும் எண்ணம் எழுந்தது. அவ்வெண்ணத்தின் நுட்பத்தை யான் ஓர் உவமையால் விளங்கிக்கொண்டேன். நம் கல்லூரிக்கு வரும் கடிதங்கள் "முதல்வர் அவர்கள்" என்றே விலாசமிடப்பட்டு வருகின்றன. முதல்வர் ஊரில் இல்லாத நாளில் துணைமுதல்வர் அந்நாற்காலியில் அமர்கின்றார். கடிதமும் அவர் கைக்கே செல்லுகின்றது. எழுதியவர் இம்மாற்றத்தை அறியார்; அறிய வேண்டுவதும் இல்லை. கடிதம் ஆளுக்கு எழுதப்பட்டதன்று, பதவிக்கு எழுதப்பட்டது. அவ்வாறே 192.168.10.1 என்னும் முகவரியை எந்த ரௌட்டருக்கும் சொந்தமாக்காது, வாயில் என்னும் பதவிக்கே உரியதாக்கி விடுகின்றனர். ரௌட்டர்கள் இரண்டும் 192.168.10.2, 192.168.10.3 என்று தத்தமக்குத் தனி முகவரி பெற்றிருக்கும். பதவி முகவரியை ஒருகாலத்து ஒன்றே தாங்கி நிற்கும்; மற்றையது விழித்திருந்து காத்துக்கொண்டிருக்கும்.

இம்முறையினை முதலிற் பரவலாக வழங்கச் செய்தது அமெரிக்க நாட்டுச் சிஸ்கோ நிறுவனம். அதன் முறைக்கு எச்.எஸ்.ஆர்.பி. என்பது பெயர், அதன் விவரம் 1998 மார்ச்சுத் திங்களில் ஆர்.எஃப்.சி. 2281 என்னும் ஆவணமாய் வெளிவந்தது. அடுத்த திங்களிலேயே, எந்நிறுவனத்தார் செய்த கருவியிலும் வழங்கத்தக்க பொதுமுறையாக வி.ஆர்.ஆர்.பி. என்பது ஆர்.எஃப்.சி. 2338-இல் வகுக்கப்பட்டது. பின்னர் 2004-இலும் 2010-இலும் அது திருத்தப்பட்டது. 2010-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் ஐ.பி. ஆறாம் பதிப்பு முகவரிகளுக்கும் இடந்தரப்பட்டது. 2024-இல் வெளிவந்த ஆர்.எஃப்.சி. 9568 மற்றொரு சிறு மாற்றமும் செய்தது. முன்னெல்லாம் பதவியிலிருக்கும் ரௌட்டரை எசமானன் எனப் பொருள்படும் மாஸ்டர் என்னும் சொல்லாற் குறித்தனர்; இப்பொழுது ஆக்டிவ், அஃதாவது செயற்படுவது, என்கின்றனர். சொல்லாராய்ச்சியில் விருப்பமுடைய எனக்கு இம்மாற்றம் உவப்பாயிற்று. ஏனெனில் அஃது ஏவல் செய்விப்பதன்று, பணி செய்வதேயாம். யான் தமிழில் எழுதிய குறிப்பில் அதனைக் காவலன் என்றும், மற்றையதைப் பதிற்காவலன் என்றும் எழுதினேன்.

இனி, காவலன் உயிரோடிருத்தலைப் பதிற்காவலன் அறியுமாறு எங்ஙனம்? இராக்காலத்துப் பாராக்காரன் நாழிகைதோறும் குரல் கொடுத்தலைப் போல, காவலன் ஒரு விநாடிக்கு ஒருமுறை ஒரு சிறு அறிவிப்பினை வலையில் விடுகின்றது. இது 224.0.0.18 என்னும் குழு முகவரிக்குச் செல்லும். குரல் ஒன்று கேளாவிடின் பதிற்காவலன் பதறுவதில்லை. வழியில் ஒரு பொட்டலம் கெட்டிருக்கலாமன்றோ? மூன்று குரல் தொடர்ந்து கேளாது, அதன்மேற் சிறிது நேரமும் கழிந்தபின்னரே பதவியை ஏற்கும். அச்சிறிது நேரத்தைக் கணக்கிடும் முறை மிக அழகியது. ஒவ்வொரு ரௌட்டருக்கும் 1 முதல் 254 வரையுள்ள எண்ணொன்றை முதன்மை எண்ணாகத் தருகின்றனர். 256-இலிருந்து அவ்வெண்ணைக் கழித்து, எஞ்சியதை 256-ஆல் வகுத்தால் வரும் விநாடியே அச்சிறிது நேரம். முதன்மை எண் 100 உடையதற்கு அஃது ஏறத்தாழ 0.61 விநாடி, 90 உடையதற்கு ஏறத்தாழ 0.65 விநாடி. பதிற்காவலர் பலர் இருப்பின், உயர்ந்த எண்ணுடையதன் பொறுமை சற்று முன்னரே தீர்ந்துவிடும். அதுவே முந்தி எழும். மற்றையன அதன் குரல் கேட்டு அடங்கும். பதவிப் போட்டியைத் தீர்ப்பதற்குத் தேர்தலும் வழக்கும் வேண்டாது, நூற்றிலொரு பங்குக் கணப்பொழுதால் தீர்த்துவிட்டனர். ஆகவே காவலன் திடீரென மாண்டால், 100 என்னும் எண்ணுடைய பதிற்காவலன் 3.61 விநாடியில் வாயிலில் நிற்கும். எச்.எஸ்.ஆர்.பி. முறையிலோ மூன்று விநாடிக்கு ஒரு குரலும், பத்து விநாடிப் பொறுமையும் இயல்பாக அமைந்துள்ளன.

காவலனது மரணம் இருவகைப்படும் என்பதும் ஈண்டு அறியத்தக்கது. பழுது பார்த்தற்பொருட்டு அதனை முறைப்படி நிறுத்தினால், அது முதன்மை எண்ணைச் சுழியமாக இட்டுக் கடைசி அறிவிப்பு ஒன்றை விடுத்துச் செல்லும். விடைபெற்றுச் செல்லுதல் போன்றது அது. அதனைக் கேட்ட பதிற்காவலன் மூன்று விநாடி காத்திராது, அச்சிறிது நேரம் மட்டுமே காத்துப் பதவியை ஏற்கும். மின்சாரம் அற்று மாளுவது விடைபெறாது மாளுவதாகலின், முழுப் பொழுதும் காத்திருக்க நேரும்.

இவ்விடத்து ஓர் ஐயம் எழும். வலையில் முகவரி இருவகைப்படும். மேற்கூறிய எண்முகவரி ஒன்று. கருவியின் உடலோடு பிறந்த மேக் முகவரி மற்றொன்று. கணினி எண்முகவரியை அறிந்தபின், அதற்குரிய மேக் முகவரி யாதென்று வலையில் வினவி அறிந்து நினைவில் வைத்துக்கொள்ளும். இவ்வினாமுறை 1982-இல் வகுக்கப்பட்டது. காவலன் மாறியபின் மேக் முகவரியும் மாறுமாயின், கணினிகள் யாவும் பழைய நினைவினை மறக்குமளவும் பொட்டலங்கள் பாழாய்ப் போகுமன்றோ? இதனை முன்னுணர்ந்த அறிஞர் பதவிக்கே ஒரு மேக் முகவரியையும் படைத்தனர். 00-00-5ஈ-00-01 என்று தொடங்கி, இறுதியிற் குழுவின் எண்ணைக் கொண்டு முடிவது அது. குழு எண் 7 ஆயின் இறுதி 07 ஆகும். புதிய காவலன் அம்முகவரியையே தனதாக்கிக்கொள்ளும். கணினிகளின் நினைவில் எழுதியது எழுதியபடியே இருக்கும். இடையே நிற்கும் ஸ்விட்ச் என்னும் கருவி மட்டும், "அம்முகவரி இப்பொழுது இந்தத் துளைப்பக்கம் உள்ளது" என்று அறிதல் வேண்டும். அதற்காகவே புதிய காவலன் பதவியேற்றவுடன் ஒருவரும் வினவாதிருக்கவும் தன் முகவரியைத் தானே உரக்க அறிவிக்கின்றது.

இனி அமைக்கும் முறை. ஒவ்வொரு நிறுவனத்தார் கருவியிலும் கட்டளைச் சொற்கள் சிறிது வேறுபடினும், எழுதவேண்டுவன ஒன்றே. முதலில் ரௌட்டர் இரண்டினுக்கும் அவற்றின் தனி முகவரியை எழுதுக. பின்னர் இரண்டிலும் ஒரே குழு எண்ணும், ஒரே பதவி முகவரியும் எழுதுக. ஒன்றினுக்கு 110 என்றும் மற்றையதற்கு 100 என்றும் முதன்மை எண் தருக. ஒன்றும் எழுதாவிடின் 100 என்றே கொள்ளப்படும். அறிவிப்பு இடைவெளி இரண்டிலும் ஒத்திருத்தல் வேண்டும். இரண்டாம் பதிப்பு வி.ஆர்.ஆர்.பி.யில் இடைவெளி ஒவ்வாத அறிவிப்பினை ரௌட்டர் செவிமடாது எறிந்துவிடும். குழு எண்ணை அவ்வலையில் வேறெவரும் வழங்காதிருத்தலையும் பார்த்துக்கொள்க. இதன்கண் ஒரு சிறு கதை உண்டு. ஓப்பன் பி.எஸ்.டி. என்னும் இயக்கமுறையை ஆக்குவோர், சிஸ்கோவின் காப்புரிமையால் இடர் வருமென்று கருதி, வி.ஆர்.ஆர்.பி.யை விடுத்துக் கார்ப் என்னும் தம் முறையொன்றினை 2004-இல் வெளியிட்டனர். ஆனால் இரண்டும் 112 என்னும் ஒரே நெறியெண்ணையும் ஒரே மேக் வரிசையையும் ஆளுகின்றன. ஆதலின் ஒரு வலையில் இரண்டும் ஒரே குழு எண்ணோடு வாழுமாயின், பங்காளிச் சண்டை மூளும். லினக்ஸ் இயங்கும் கணினியையே ரௌட்டராக்க விரும்புவோர்க்குக் கீப்அலைவ்டி என்னும் நிரல் உளது. அதன்கண் இவையெல்லாம் பத்துப் பன்னிரண்டு வரிகளில் எழுதி முடிக்கப்படும்.

இவ்வளவும் எழுதிவிட்டால் வேலை முடிந்ததென்றே பலர் எண்ணுகின்றனர். அங்ஙனம் எண்ணியதால் நேர்ந்த இடரொன்றைத் தமையனார் எனக்குக் கூறினார். அவர் அப்பணியை ஏற்ற முதலாண்டில் நிகழ்ந்தது அது. மருத்துவமனையின் இரத்தப் பரிசோதனைச்சாலை நகரின் மற்றொரு கோடியிலுள்ள கட்டிடத்தில் இருந்தது. பரிசோதனை முடிவுகள் வலைவழியே வருவது வழக்கம். வாயிலில் ரௌட்டர் இரண்டு இருந்தன. ஒவ்வொன்றிற்கும் தனித்தனி வெளிவழியும் இருந்தது. ஒருநாள் இரவு பத்து மணிக்குமேற் சாலையைத் தோண்டுவோர் முதல் ரௌட்டரின் வெளிக்கம்பியை அறுத்துவிட்டனர். முடிவுகள் வருதல் நின்றது. மகப்பேற்றுப் பகுதியில் ஒரு தாய்க்கு இரத்தம் செலுத்த வேண்டியிருந்தது. அவள் இரத்தம் எவ்வினத்ததென்னும் செய்தி பரிசோதனைச்சாலைக் கணினியில் எழுதப்பட்டு, இங்கே வாராது நின்றது. தொலைபேசியிற் கேட்ட செய்தியைக் கொண்டு இரத்தம் செலுத்துதல் விதிக்கு மாறு. கடைநிலை ஊழியர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் விரைந்து, கையொப்பமிட்ட தாளை வாங்கிக்கொண்டு வந்தார். தாயும் சேயும் பிழைத்தனர். ஆயினும் அந்த அரைமணி நேரத்தைத் தமையனார் இன்னும் மறந்திலர்.

நல்வழியோடு கூடிய இரண்டாம் ரௌட்டர் பக்கத்திலேயே நிற்க, இவ்விடர் நேர்ந்தது எவ்வாறு? முதல் ரௌட்டர் மாளவில்லை என்பதே விடை. அதன் முதுகுப்பக்கத்து வழி அறுந்ததேயன்றி, கட்டிடத்தை நோக்கிய முகப்பக்கம் நலமாகவே இருந்தது. ஆகவே விநாடிதோறும் "நலம், நலம்" என்று அது குரல் கொடுத்தது. பதிற்காவலனும் அதனைக் கேட்டு அமைதியாயிருந்தது. கணினிகள் தந்த பொட்டலங்களையெல்லாம் காவலன் வாங்கிப் பாழில் எறிந்துகொண்டிருந்தது. தமையனார் வந்து முதல் ரௌட்டரின் மின்கம்பியைப் பிடுங்கினார். நான்கு விநாடிக்குள் இரண்டாவது எழுந்தது. தேங்கியிருந்த முடிவுகளெல்லாம் வரிசையாக வந்து விழுந்தன.

இவ்விடரைத் தடுக்கும் வழியை இம்முறையிலேயே அமைத்துக்கொள்ளலாம். டிராக்கிங் என்பது அது. வெளிவழியைக் காவலன் தானே கண்காணித்து, அஃது அறுந்தால் தன் முதன்மை எண்ணைத் தானே குறைத்துக்கொள்ளும்படி எழுதுதல். "அப்படியானால் முன்பே அதை எழுதவில்லையா, அண்ணா?" என்று வினவினேன். "எழுதித்தான் இருந்தது, தம்பி, கணக்குத்தான் தவறு" என்றார். முன்னர் இருந்தோர் பத்துக் குறைக்கும்படி எழுதியிருந்தனராம். 110-இற் பத்துப் போக 100. பதிற்காவலன் எண்ணும் 100. மேம்போக்காக நோக்குவார்க்கு இது சரியென்றே தோன்றும். முன்னவனது மேன்மை தீர்ந்ததன்றோ? ஆனால் விதி யாதெனின், தன் எண்ணிற்குச் சமமான எண்ணோடு வரும் குரலைக் கேட்டாலும் பதிற்காவலன் அடங்கியே இருக்கும். பதவியிலிருப்பவனைவிட உயர்ந்தவனே அவனை எழுப்பலாகும், ஒத்தவன் எழுப்பலாகாது. ஆகவே குறைக்கும் எண் இரண்டின் வேறுபாட்டினும் மிகுந்திருத்தல் வேண்டும். தமையனார் அதனை இருபதாக்கினார். இப்பொழுது வழி அறுந்தால் முன்னது 90-க்கு இறங்கும், 100 எழும். இரண்டு இலக்கமுள்ள கழித்தற் கணக்கொன்று ஒரு தாயின் உயிரோடு தொடர்புபட்டிருந்தது என்பதை எண்ணுந்தோறும் எனக்கு மெய்சிலிர்க்கின்றது.

உயர்ந்த எண்ணுடையது தாழ்ந்ததை எழுப்பிப் பதவி கொள்ளும் இவ்வியல்பைப் பிரீஎம்ப்ட் என்பர். வி.ஆர்.ஆர்.பி.யில் இஃது இயல்பாகவே உண்டு, எச்.எஸ்.ஆர்.பி.யிலோ தனியே எழுதினாலன்றி இல்லை. எழுதுவோர் பெரும்பாலும் முதல் ரௌட்டரில் மட்டும் எழுதி இரண்டாவதில் மறந்துவிடுகின்றனர். அங்ஙனமாயின் முதலாவது 90-க்கு இறங்கினும் இரண்டாவது எழாது. இதற்கு மறுதலையான இடரும் உண்டு. பழுது தீர்ந்து மீண்ட காவலன் உடனே பதவியைப் பற்றிக்கொள்ளுமாயின், வெளியுலகத்து வழிகளையெல்லாம் அது கற்றுமுடிக்குமுன்னரே பொட்டலங்கள் வந்து குவியும். செலுத்தும் வழி அறியாது அவற்றை எறிந்துவிடும். ஆகவே மீண்டு வந்தபின் ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் பொறுத்துப் பதவியேற்குமாறு எழுதிவைத்தல் நன்று. நோயினின்று எழுந்தவன் அன்றைக்கே ஏர்பிடித்தல் ஆகாதன்றோ?

காவலன் இல்லாமை ஒரு துன்பமாயின், காவலர் இருவர் தோன்றிவிடுதல் அதனினும் பெருந்துன்பம். இரு ரௌட்டர்க்கும் இடையேயுள்ள தொடர்பு மட்டும் அறுந்தாலும், தீச்சுவர் என்னும் காப்பு நிரல் அறிவிப்புப் பொட்டலங்களை அறியாமையால் தடுத்துவிட்டாலும், ஒன்றன் குரல் மற்றொன்றிற்குக் கேளாது. இரண்டும் "மற்றவன் மாண்டான்" என்று துணிந்து பதவியை ஏற்கும். ஒரே முகவரியை இருவர் தாங்குதலால் ஸ்விட்ச் மயங்கும். பொட்டலங்கள் ஒருகால் இங்கும் ஒருகால் அங்குமாய் அலையும். வலை முற்றும் நின்றுவிட்டாற் காரணம் காண்டல் எளிது. நின்றும் நில்லாமலும் இயங்குமாயின் காண்டல் அரிது. தீச்சுவரை எழுதுவோர் 112 என்னும் எண்ணை மறவாது அனுமதித்தல் வேண்டும் என்று தமையனார் என் குறிப்பேட்டிற் சிவப்பு மையால் எழுதினார்.

கருவி இரண்டாயினும், அவை சார்ந்துநிற்பது ஒன்றாயின் இரண்டென்பது பெயரளவே. அம்மருத்துவமனையில் முதலில் ரௌட்டர் இரண்டும் ஒரே மின்பலகையிற் செருகப்பட்டிருந்தனவாம். தரை துடைக்க வந்தவர் அப்பலகையின் விசையை அணைத்தவன்று இரண்டும் ஒருங்கே மாண்டன. உலகப் பெருவலையிலும் இத்தகைய நிகழ்ச்சிகள் உண்டு. 2001 ஜூலை 18-ஆம் நாள் அமெரிக்காவிற் பால்டிமோர் நகரத்து ஹவர்டு தெருச் சுரங்கத்திற் சரக்கு இரயில் தடம்புரண்டு தீப்பற்றியது. வெவ்வேறு நிறுவனங்களின் கண்ணாடியிழைக் கம்பிகள் அச்சுரங்கத்தின் வழியே சென்றிருந்தமையால் அவை ஒருங்கே கெட்டு, வலைப் போக்குவரத்துப் பலவிடத்துத் தளர்ந்தது. 2008 ஜனவரி 30-ஆம் நாள் எகிப்து நாட்டு அலெக்சாந்திரியா அருகே ஸீ-மீ-வீ 4, ஃப்ளாக் என்னும் கடலடிக் கம்பிகள் இரண்டும் அறுந்தன. இவற்றுள் முன்னையது நம் சென்னைக் கரையிலும் ஏறுவது. மேற்றிசையோடு இந்தியாவைப் பிணித்த வழிகளிற் பெரும்பகுதி அன்று தளர்ந்தது. வழி இரண்டு வாங்குவோர், அவ்விரண்டும் ஒரே பள்ளத்தில், ஒரே பாலத்தின்மேற் செல்கின்றனவா என்று வினவியே வாங்குதல் வேண்டும். விற்போர் தாமாக அதனைச் சொல்லார்.

துணையே கேடாய் முடிந்ததும் உண்டு. ரௌட்டரைப் போலவே ஸ்விட்சுகளையும் இரட்டை வழியாற் பிணிப்பர். அப்பொழுது பொட்டலம் வட்டமிட்டு ஓயாது சுழலும் இடர் உளதாம். இதனைத் தடுத்தற்பொருட்டு, மிகுதியான வழிகளைத் தாமே அடைத்துக் கிளை விரித்த மரம்போல வலையை ஆக்கிக்கொள்ளும் முறையை ராடியா பெர்ல்மன் என்னும் அம்மையார் 1985-இற் கண்டார். 2002 நவம்பரிற் பாஸ்டன் நகரத்துப் பெத் இஸ்ரேல் டீக்கனெஸ் மருத்துவமனையில் வலை அளவிறந்து வளர்ந்திருந்தமையால் இம்மரமுறை குலைந்தது. பொட்டலங்கள் சுழன்று வலையை அடைத்தன. சில நாட்கள் மருத்துவர்கள் காகிதத்திலேயே மருந்து எழுதி, ஆட்கள் வாயிலாக அனுப்பவேண்டியதாயிற்று. அங்கே கருவிகள் குறைந்தமையால் இடர் வந்ததன்று; பிணைப்புகள் ஒருவர் கண்ணுக்கும் அடங்காது மிகுந்தமையால் வந்தது. தமையனார் தம் வலையின் படத்தை ஒரு தாளிற்குள் அடங்குமாறு வரைந்து சுவரில் ஒட்டியிருப்பதன் காரணம் இதனைக் கேட்டபின்னரே எனக்கு விளங்கிற்று.

இம்முறையால் ஆகாததும் ஒன்றுளது. காவலன் மாறுங்கால் புதிய பொட்டலங்கள் புதிய வழியிற் செல்லுமேயன்றி, நடந்துகொண்டிருந்த உரையாடல்கள் யாவும் பிழைக்கும் என்பதற்கில்லை. ரௌட்டர் உள்முகவரிகளை வெளிமுகவரியாக மாற்றித் தருவதாயின், எவ்வுரையாடல் எவர்க்குரியது என்னும் பட்டியை அது தன் நினைவில் வைத்திருக்கும். காவலனோடு அப்பட்டியும் மாளும். லினக்ஸில் இப்பட்டியை இரண்டிற்கும் பொதுவாக்கிவைக்க ஒரு துணைநிரல் உண்டு. எனினும் வெளிவழி இரண்டும் வெவ்வேறு நிறுவனத்தாருடையனவாயின் வெளிமுகவரியே மாறிவிடும். பேசிக்கொண்டிருந்த தொலைபேசி அழைப்பு அறுந்தே தீரும். மீண்டும் அழைத்தால் கிடைக்கும்.

விடுமுறையின் கடைசி ஞாயிற்றுக்கிழமை, வைகறை நான்கு மணிக்குத் தமையனார் என்னை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். திங்கள்தோறும் அந்நேரத்தில் காவலனை வேண்டுமென்றே வீழ்த்திப் பார்ப்பது அவர் வழக்கம். பகுதித் தலைமைச் செவிலியிடமும் பரிசோதனைச்சாலையிலும் முன்னரே சொல்லி வைத்திருந்தார். ஒரு கணினியில், விநாடிக்கொரு முறை வெளியுலகை வினவி விடை பெறும் பிங் என்னும் நிரலை ஓடவிட்டு, எண்ணும் பணியை எனக்குத் தந்தார். முதலில் ரௌட்டரை முறைப்படி நிறுத்தினார். ஒரு வினாவுக்கு மட்டும் விடை வரவில்லை. மீண்டும் இயக்கி, அது பதவியேற்குமளவும் காத்திருந்து, இம்முறை மின்கம்பியைப் பிடுங்கினார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று யான் எண்ணினேன். ஐந்தாவதற்கு விடை வந்தது. மூன்றாவதாக, ரௌட்டரைத் தொடாது அதன் வெளிக்கம்பியை மட்டும் கழற்றினார். அன்றிரவு தவறிய சோதனை இதுவேயாகலின், யான் மூச்சையடக்கி நின்றேன். வழி அறுந்ததைக் காவலன் உணர்ந்து, எண்ணைக் குறைத்து, பதிற்காவலன் எழுந்தது. நான்கு விடைகளே தவறின. தமையனார் நாளையும் எண்ணையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக் கையொப்பமிட்டு, எனக்கும் ஒரு கையொப்பத்திற்கு இடம் காட்டினார்.

யான் எழுதிய குறிப்பு இப்பொழுது அவ்வறையின் சுவரில், வலைப்படத்தின் பக்கத்தில் ஒட்டப்பட்டிருக்கின்றது. காவலன், பதிற்காவலன் என்னும் என் சொற்களை இராப்பணியாளர் முதலில் நகைத்தனராம். இப்பொழுது தொலைபேசியில், "சார், காவலன் விழுந்துட்டான், பதில் ஆள் எழுந்துட்டான், நீங்க காலையில வந்தாப் போதும்" என்று சொல்லுகின்றனராம்.